வராத காமாலைக்கு வந்த தீர்ப்பு

மர்பி டவுன்,
பெங்களூர்.
ஜூலை 1998, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மைத்துனர் சிரஞ்சீவி ஜெயராஜுக்கு, உன் அக்காள் கணவன் முனிரத்தினம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் மரகதமும் நலம். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்சம் யோசித்தேன். கோர்ட்டுக்குப் போய் வந்த பிறகு எதையும் அடித்துச் சொல்லிக் கையெழுத்துப் போட பயமாக இருக்கிறது. ஆகையால், என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை நலம் என்று திருத்தி வாசித்துக்கொள். கோலார் தங்கவயலில் நீயும் சரளாவும் குழந்தைகளும் அந்த அளவுக்காவது நலமாக இருக்க வேண்டும்.

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. "மாமா, அப்பீல் லேட்டா போட்டு வீட்டு கேஸ் போச்சாமே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டியதுதான், நீ மரகதத்தின் கூடப்பிறந்தவன். ஆனால் அதைக் கவருக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். கார்டு என்பதால் போஸ்ட்மேன் படித்துவிட்டு, கையில் கொடுக்கும்போதே "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பால்காரரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். எதிர்க்கட்சி வக்கீலும் கோர்ட்டில் இதையேதான் சொன்னார்; மனுதாரர் தன் உரிமையின் மேல் படுத்துத் தூங்கிவிட்டார் என்று, இங்கிலீஷில். ஜெயராஜ், நான் சரியாகத் தூங்கியே பல வருஷம் ஆகிறது. பக்கத்து போர்ஷன் பிலோமினா அக்கா வளர்க்கும் சேவலைக் காலையில் நான்தான் எழுப்பிவிடுகிறேன். அதுவுமில்லாமல், ஃபேக்டரி டைம் ஆபீஸில் உட்கார்ந்து சர்வீஸ் முழுக்க அடுத்தவன் லேட்டாக வந்ததைச் சிவப்பு மையில் குறித்தவன் நான். சங்கு ஊதி ஓய்ந்த பிறகு ஓடி வந்து, "சார், சைக்கிள் செயின் கழண்டுடுச்சு", "சார், வீட்ல வலி எடுத்துடுச்சு" என்று மூச்சு வாங்கியவர்களை எல்லாம் பார்த்தவன். அப்படிப்பட்டவனை லேட் என்று ஹை கோர்ட்டே சொல்லிவிட்டது. பழைய ஆட்கள் அல்சூர் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் இப்போது மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்க்கிறார்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நான் தூங்கினேனா என்று நீயே சொல்.

எங்கள் வீட்டுக்காரர் சேஷகிரி கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கேஸில் எனக்கு ஏற்பட்ட முதல் கஷ்டமே அதுதான். மகன் கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று வீட்டைத் திருப்பிக் கேட்டார். "முனிரத்னம் அவ்ரே, பையன் ஒரே பிடிவாதம். இனிமே ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர்தான் கத்துக்குவாங்களாம்" என்று கன்னட மரியாதையோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். மரகதம் கல்யாணமாகி வந்து விளக்கேற்றிய வீடு, மகள் லாவண்யாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீடு, அவளை அங்கிருந்து கிளப்புவதா? உன் அக்காள் எதையும் வாய் திறந்து கேட்கிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். அவள் மனசை நான்தான் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும். சேஷகிரி கேஸ் போட்டார், நான் விடாமல் எதிர்த்தேன், போன வருஷம் ஆடி மாசம் கீழ்க் கோர்ட்டில் அவர் ஜெயித்தார். எங்கள் வக்கீல் பாலசுப்ரமணியன் சார் என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதீங்க முனிரத்தினம். தீர்ப்பு காப்பிய மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போங்க, மேல அப்பீல் போட்டுடலாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். ஆனால் அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. என்னுடைய தாமதம் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

அவர் ஆபீஸ் அவென்யூ ரோட்டுச் சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. குமாஸ்தா கோவிந்தப்பா கன்னடக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், ஆனால் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். கொஞ்ச நாள் கழித்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கோவிந்தப்பா துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த மாசம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்று சற்றுத் தள்ளி நின்று கேட்டேன்.

"சார் இருக்காரா?"

"சார் இல்ல."

"எங்க?"

"மெட்ராஸ்ல. மகள் வீட்ல."

"எப்போ?"

"போன சோமவாரம்."

மகள் வீட்டுக்குப் போன திங்கட்கிழமை கிளம்பிப் போயிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் வேறு என்ன எடுத்துக்கொள்வாய்? 'இல்ல' என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருக்கிறது. தமிழும் கன்னடமும் இந்த ஊரில் எதிலும் ஒத்துப்போவதில்லை, என்னைக் கவிழ்ப்பதில் மட்டும் ஒத்துப்போயின. என் அப்பீல் என்னாச்சு என்று கேட்டேன். "ஜூனியர் சார் பாப்பாரு. டைம் இருக்கு" என்றார். டைம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பிவிடுவேன், பிழைத்த பிழைப்பு அப்படி.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனேன். படியேறி நின்று, "சார் இன்னும்...?" என்று இழுப்பேன். கோவிந்தப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். சரி, வயசான மனுஷர், பேரன் பேத்திகளோடு ஆசை தீர இருந்துவிட்டு வரட்டும் என்று பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கோவிந்தப்பா கீழேயிருந்து பை-டூ காபி வரவழைத்து ஆளுக்குப் பாதியாக ஊற்றுவார். ஒருநாள் வேறு ஒரு கட்சிக்காரரிடம் என்னைக் காட்டி, "எல்லாரும் ஃபைல வாங்கிட்டுப் போயிட்டாங்க. இவரு ஒருத்தர்தான் சாருக்காக வந்து வந்து உக்கார்றாரு" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகாளய அமாவாசை நெருக்கத்தில் சாருடைய நாற்காலிக்கு மேல் ஒரு படம் மாட்டி மாலை போட்டிருந்தது. சுருட்டை முடியும் கட்டை மீசையுமாக ஒரு வாலிபர். நம் சாருக்கு முடியும் கிடையாது, மீசையும் கிடையாது. அவருடைய தகப்பனார் படம், அமாவாசைக்காக எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, "அப்படியே சார் ஜாடை" என்றேன். "ஆமாங்க, அந்தக் காலத்துல எடுத்தது" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தப்பா என் தோளில் சாய்ந்து அழுதார். முதலாளியைப் பெற்றவர் மேலேயே இவ்வளவு விசுவாசமா என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் அழுதோம், ஜெயராஜ். ஆனால் வேறு வேறு ஆளுக்காக அழுதோம். அந்த வாரம்தான் அப்பீலுக்கான கெடு முடிந்தது.

கார்த்திகையில் சேஷகிரி மகளுக்குக் கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து மரகதத்துக்குக் குங்குமம் கொடுத்து, "கேஸ் பாட்டுக்கு அது நடக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்" என்று அழைத்தார்கள். போகாவிட்டால் தோற்ற வயிற்றெரிச்சல் என்று நினைப்பார்கள் என்று மரகதம் சொன்னதால் போனோம். மல்லேஸ்வரத்தில் பெரிய கல்யாணச் சவுல்ட்ரி. பந்தியில் உட்கார்ந்து, இலையில் ஒப்பட்டு, அதாவது நம் போளி, விழுந்து, அதன் மேல் நெய்யும் ஊற்றியாகிவிட்டது. கைகூப்பிக்கொண்டே வரிசையாக விசாரித்து வந்த சேஷகிரி என்னிடம் வந்ததும் குனிந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க முனிரத்னம் அவ்ரே. கேள்விப்பட்டேன், பாவம் உங்க லாயர். எதிர்க்கட்சியானாலும் எனக்கு மனசே சரியில்ல."

"ஏன், அவருக்கு என்ன?"

"என்னவா? தவறிப் போயிட்டாரே. மெட்ராஸ்ல, மகள் வீட்ல. உங்களுக்குத் தெரியாதா?"

அந்த நிமிஷம் பார்த்துக் கல்யாண போட்டோக்காரன் எங்கள் வரிசையைப் படம் எடுத்தான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஒப்பட்டு வாயில் பாதி, கையில் பாதி. நான் அப்படியே எழுந்து கை கழுவப் போய்விட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மரகதம், "அப்ப செத்தவரு ஆபீஸ்ல போய்தான் வாரா வாரம் காபி குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் போன துக்கம் ஒரு பக்கம். போனது தெரியாமல் அவரைக் குறை நினைத்த துக்கம் ஒரு பக்கம். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு மகள் வீட்டுச் சாப்பாடு இவ்வளவா ருசிக்கிறது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ஜூனியரைத் தேடிப் பிடித்தேன். பெயர் அருண்குமார், சின்ன வயசு, சுறுசுறுப்பு. என் ஃபைலை நானே வாங்கிக்கொண்டு போய்விட்டேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அது அவனிடம் இருக்கிறது என்று கோவிந்தப்பா நினைத்திருக்கிறார். அதுவோ சாருடைய தோல் பையோடு மெட்ராஸ் போய், அவர் மகள் வீட்டுப் பரணில் இருந்தது. அந்த அம்மாள் அப்பாவின் பையைத் திறக்க மனசு வராமல் வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய் அவசரம் என்று எந்த வாயால் சொல்வது? பேப்பர் வந்து சேரும்போது சங்கராந்தி போய்விட்டது.

"அங்கிள், கெடு தாண்டிடுச்சு" என்றான் அருண்குமார். "லேட்ட மன்னிக்கணும்னு தனியா ஒரு மனு போடணும். ஏன் லேட்டுன்னு சத்தியம் பண்ணிக் காரணம் சொல்லணும்."

"நடந்தத எழுது தம்பி."

"செத்துப்போன வக்கீல் வருவாருன்னு வாரா வாரம் போய் பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு எழுதவா? ஜட்ஜ் உங்களோட சேத்து என்னையும் வெளிய அனுப்பிடுவாரு. மஞ்சள் காமாலை போடறேன். நான் போட்ட காமாலை எதுவும் இதுவரைக்கும் தோத்ததில்ல."

"எனக்குக் காமாலை வந்ததே இல்லியேப்பா."

"டைஃபாய்டு வேணும்னா போடலாம். ஆனா அது இவ்வளவு நாள் தாங்காது அங்கிள்."

மரகதத்தை நினைத்துக்கொண்டேன். உண்மை சொன்னால் வீடு போகும், காமாலை என்றால் வீடு நிற்கும் என்கிறான் சட்டம் படித்தவன். கையெழுத்துப் போட்டேன். சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் என் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நான் உள்ளே போவதற்குள் எழுதி முடித்திருந்தார்.

அருண்குமார் அந்த மனுவை எங்கள் ஹாலில் உட்கார்ந்து, கோர்ட்டில் வாதாடுகிற குரலிலேயே எனக்குப் படித்துக் காட்டினான். பிலோமினா அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஜாண்டிஸ் என்ற சொல் தெரியும். சாயங்காலம் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்துவிட்டார்.

"அது போன வருஷம் வந்ததுக்கா. போயிடுச்சு" என்றேன்.

"போன மாதிரிதான் இருக்கும். ஈரல்ல பதுங்கியிருக்கும். வாயத் தொறங்க."

அடுத்த நாளிலிருந்து தெருவே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. ஒருத்தர் ஆட்டுப்பால், ஒருத்தர் கரும்புச்சாறு, ஒருத்தர் மந்திரித்த தாயத்து. குழாயடியில் எங்கள் குடத்தைத் தனியாக வைத்தார்கள். மனுவில் சத்தியம் செய்திருக்கிறோம், ஹியரிங் முடியும் வரை வெளியில் பஜ்ஜி போண்டா சாப்பிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று அருண்குமாரும் எச்சரித்துவிட்டுப் போயிருந்தான். பிலோமினா அக்கா தினமும் வந்து பாத்திர மூடியைத் திறந்து பார்க்கிறார் என்பதால், மரகதம் உப்பும் எண்ணெயும் இல்லாமல் கஞ்சி காய்ச்சினாள். எனக்கு மட்டும் தனியாகச் செய்து தான் நல்லதாகச் சாப்பிட மனசு வராமல் அவளும் அதையே குடித்தாள். வராத வியாதிக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மாசக்கணக்கில் பத்தியம் இருந்தோம். என் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி, கண் உள்ளே போய்விட்டது. "இப்பத்தான் நல்லா மஞ்சள் தெரியுது" என்றார் பிலோமினா அக்கா.

போன மாசக் கடைசியில் மனு விசாரணைக்கு வந்தது. ஜட்ஜ் வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர். கன்னடமும் இங்கிலீஷுமாக நடந்ததை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். அருண்குமார் எழுந்து என் காமாலையைப் பற்றி உருக்கமாகப் பேசினான். கேட்கக் கேட்க எனக்கே அடிவயிற்றில் வலித்தது. பிறகு எதிர் வக்கீல் எழுந்து, மனுதாரர் தூங்கிவிட்டார் என்று சொன்னதோடு நிற்காமல், ஒரு போட்டோவை எடுத்து மேலே கொடுத்தார். சேஷகிரியின் மகன் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்திருக்கிறான். "காமாலையில் படுத்த படுக்கையாக இருந்ததாகச் சொல்லும் காலத்தில், மனுதாரர் என் கட்சிக்காரர் வீட்டுப் பந்தியில் நெய் விட்டு ஒப்பட்டு சாப்பிடுகிறார்" என்றார். கோர்ட்டே சிரித்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேஷகிரி மட்டும் சிரிக்கவில்லை. மகன் இப்படிச் செய்தது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

ஜட்ஜ் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவரைப் பாத்தா ருசிச்சுச் சாப்பிடறவர் மாதிரி தெரியலையே. ஏதோ பேயைப் பாத்தவர் மாதிரி இருக்கு. யாரு மனுதாரர்? வந்திருக்காரா?"

அருண்குமார் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, எனக்குக் காமாலை வரல" என்றேன். அருண்குமார் கண்ணை மூடிக்கொண்டான். "அது நான் சாப்பிடும்போது எடுத்த படமில்லீங்க. என் வக்கீல் செத்துப்போயிட்டாருன்னு அந்த நிமிஷம்தான் எனக்குச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அவரு ஆபீஸ்ல போய் அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேங்க. ஊருக்குப் போயிருக்காருன்னு நெனச்சேன்."

"இறந்துட்டாருன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சேஷகிரி எழுந்தார். அவருடைய வக்கீல் உட்காரச் சொல்லிக் கையால் அமர்த்தினார், அவர் கேட்கவில்லை.

"நான்தான் சாமி சொன்னேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுச் சொல்லிட்டேன். அப்புறம் அவரு ஒரு வாய் சாப்பிடல. இலைய அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டாரு. என் பொண்ணு கல்யாணத்துல ஒருத்தர் பசியோட போனாரேன்னு இன்னிக்கும் எனக்கு உறுத்துது."

இறந்த வக்கீலின் பெயரைக் கேட்டார் ஜட்ஜ். சொன்னேன். அவருக்குத் தெரிந்தவர்தான் போலிருக்கிறது, பேனாவை மூடி வைத்தார். "நான் வக்கீலா இருந்த காலத்துல, உயிரோட இருக்கும்போதே எனக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்ல" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன், ஜெயராஜ். அந்த ஒரு நிமிஷத்துக்கு மரகதத்தின் முகம் எனக்கு எதிரே தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் சொன்னதை வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன். இத மனுவுல எழுதியிருந்தா, யோசிக்காம மன்னிச்சிருப்பேன். ஆனா சத்தியம் பண்ணி நீங்க என் முன்னால வெச்சது காமாலை. பொய்ச் சர்டிபிகேட்டும் சேத்து வெச்சிருக்கீங்க. லேட்டா வந்தத மன்னிக்கச் சட்டத்துல எனக்கு எடம் இருக்கு. வராத காமாலைய மன்னிக்க எடம் இல்ல."

புது மனு போட அனுமதி வேண்டும் என்று அருண்குமார் கெஞ்சினான். நனைந்த சட்டையை மாற்றுவது போலச் சத்தியத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். மனு தள்ளுபடி. அப்பீலும் அதோடு போயிற்று, அதை யாரும் பிரித்துக்கூடப் படிக்கவில்லை. பொய் சொன்னதற்கு வேறு நடவடிக்கை எடுக்காமல் விடுகிறேன், தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவாகிவிட்டது.

வெளியே மரத்தடியில் சேஷகிரி நின்றிருந்தார். ஜெயித்தவர் மாதிரி இல்லை. "இப்படி ஜெயிக்கணும்னு எனக்கு இஷ்டமில்ல முனிரத்னம் அவ்ரே. ஆனா பையன் கம்ப்யூட்டர் எல்லாம் ஆர்டர் பண்ணிட்டான்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்குக் காமாலைன்னு நோட்டீஸ்ல பாத்துட்டு, என் மனைவி வியாழக்கிழமை தோறும் ராயர் மடத்துக்குப் போய் நெய் விளக்குப் போட்டுட்டு வர்றா. நிறுத்தச் சொல்லிடவா?" என்று கேட்டார். போடட்டும் என்றேன். அருண்குமார் தூரத்தில் நின்று, இனி காமாலை வேண்டாம், முதுகுவலிதான் பத்திரம் என்று இன்னொரு கட்சிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதுதான் நடந்தது. தூங்கவில்லை, அலட்சியமாக இருக்கவில்லை. இப்போது என் கவலை எல்லாம் உன் அக்காளைப் பற்றித்தான். தீர்ப்பைச் சொன்னபோது அவள் அழவில்லை, 'அப்படியா' என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. இந்த வீட்டை விட்டு அவள் எப்படி இருப்பாள் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஆகையால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு பார். சின்னதாக இருந்தாலும் போதும். தம்பி பக்கத்தில் இருக்கிறான், சரளா இருக்கிறாள் என்றாலாவது அவள் மனசு தேறும். நான் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், எனக்கு நாலு சுவரும் ஒரு பேப்பரும் போதும்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற உத்தியோகம், ஜாக்கிரதையாக இறங்கி ஜாக்கிரதையாக ஏறு. சரளா கைக்கு வேலை குறையட்டும், வளையல் கூடட்டும். குழந்தைகள் நேரத்தோடு பள்ளிக்கூடம் போய், நல்லபடி படித்து முன்னுக்கு வரட்டும். எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதிருக்க உனக்கு முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உன் மாமா
முனிரத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் மரகதத்திடம் இதைப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். மனசு தேறும் என்ற இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாருக்காக இந்தக் கேஸ நடத்தினீங்களாம்?"

"உனக்காகத்தான். வேற யாருக்கு?"

"எனக்கு இந்த வீட்டக் கண்டாலே ஆகாதுங்க. வந்த நாள்லருந்து ஆகாது. சமையல்கட்டுல ஜன்னல் கெடையாது. புகைய முழுங்கி முழுங்கி எனக்கு இருமலே நிக்கல. உங்களுக்குத்தான் இந்த வீடுன்னா உசுரு. சொன்னா மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தேன். தோத்துட்டீங்கன்னு கேட்டதும் சாமி கண்ணத் தொறந்துடுச்சுன்னு உள்ள போய் விளக்கேத்தினேன்."

"இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். மேலும் விசாரித்ததில், இதே ஊரில் அடுகோடி பக்கம் அவளுடைய சிநேகிதி மங்களம் வீட்டுக் கீழ்ப் போர்ஷன் போன மாசம் காலியானது என்றும், இவள் போய்ப் பார்த்துப் பால் காய்ச்சும் இடம் வரை முடிவு செய்துவிட்டாள் என்றும் தெரிந்தது. சமையல்கட்டில் இரண்டு ஜன்னலாம். தங்கவயலுக்கு வரவே மாட்டாளாம். "தம்பி வீட்டுக்கு விருந்தாளியா போனாத்தான் மரியாத. பக்கத்துலயே குடி போனா, சரளாவும் நானும் பேசிக்கிற வரைக்கும்தான் நல்லா இருக்கும்" என்கிறாள். இதைச் சரளாவுக்குப் படித்துக் காட்டாதே. நீ வீடு பார்க்க வேண்டாம், பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

உள்ளே மரகதம் பித்தளைச் சாமான்களைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுக்கிறாள், அவள் பாடி நான் கேட்டதே இல்லை. நான் ஹாலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மதியத்துக்கு மேல் இந்த ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழும், அதில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. அவள் சொன்னது சரிதான் ஜெயராஜ், எனக்குத்தான் இந்த வீடு என்றால் உசுரு. அக்காளிடம் சொல்லிவிடாதே.